உக்கிராண அறை ஏன் திறக்கவில்லை?

திருத்தணியில் முகூர்த்த நாள் என்றால் மலையடிவாரத்து மண்டபங்களில் விடியுமுன்பே அடுப்பு எரியும். நாகஸ்வரக்காரர் வந்து சேரும் முன்பே பின்கட்டில் ஒரு பேச்சு நடந்து முடிந்திருக்கும். சமையல் மாஸ்டர் எடுபிடிப் பையனை அனுப்பித் துவரம்பருப்பும் புளியும் கேட்பார். உக்கிராண அறையில் உட்கார்ந்திருப்பவர் நோட்டைப் பார்ப்பார், அளந்து கொடுப்பார், சாம்பார் கொதிக்கும். பந்தியில் உட்காருகிறவருக்கு இப்படி ஒரு பேச்சு நடந்ததே தெரியாது.

அந்த மண்டபத்துக்கோ பக்கத்து லாட்ஜுக்கோ ஓர் இணையதளம் வேண்டும் என்று யாராவது வேர்ட்பிரஸ் நிறுவ உட்கார்ந்தால், கணினிக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட இதே பேச்சுதான். ஆனால் பல சமயம் அது முதல் கேள்வியிலேயே நின்றுபோகிறது. திரையில் ஒரே ஒரு வரி வரும்: 'எர்ரர் எஸ்டாப்ளிஷிங் எ டேட்டாபேஸ் கனெக்‌ஷன்'. டேட்டாபேஸோடு தொடர்பு கிடைக்கவில்லை என்று அர்த்தம். உடனே எல்லோரும் செய்வது ஒன்றுதான். பாஸ்வேர்டை மாற்றுவார்கள். வரவில்லை என்றால் இன்னொரு முறை மாற்றுவார்கள். பாஸ்வேர்டு சரியாக இருக்கும்போதும் இதே வரிதான் வரும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. உக்கிராணக்காரர் மறுக்கப் பல காரணம் உண்டு. மாஸ்டர் வெளியே வந்து சொல்வதோ "சாமான் வரலை" என்ற ஒரே பதில். அதனால் மாஸ்டரை விட்டுவிட்டு, உக்கிராணக்காரர் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டும்.

முதலில் ஆட்களைத் தெரிந்துகொள்வோம்.

மாஸ்டர்தான் வேர்ட்பிரஸ். மேட் முல்லன்வெக்கும் மைக் லிட்டிலும் 2003 மே 27 அன்று வெளியிட்ட மென்பொருள். சமைக்கத் தெரியும், சொந்தமாகச் சாமான் அறை கிடையாது. நீங்கள் எழுதும் பக்கங்கள், வாடகைப் பட்டியல், வாசகர் கருத்து எல்லாம் இன்னொருவர் பொறுப்பில் இருக்கின்றன. அந்த இன்னொருவர் மைஎஸ்கியூஎல். இவர்தான் உக்கிராணக்காரர். 1995இல் வெளியான இந்த டேட்டாபேஸ் மென்பொருளுக்கு, அதை எழுதியவர்களில் ஒருவரான பின்லாந்துக்காரர் மான்டி விடெனியஸ் தன் மகள் பெயரைச் சேர்த்து வைத்தார். 2010இல் அது ஆரக்கிள் கைக்குப் போனது. அதற்கு முந்தைய ஆண்டே விடெனியஸ் அதிலிருந்து ஒரு கிளையைப் பிரித்து, இளைய மகள் பெயரில் மரியாடிபி என்று தொடங்கிவிட்டார். நம் சர்வரில் உட்கார்ந்திருப்பது இவர்களில் யார் என்பது பின்னால் ஓர் இடத்தில் முக்கியமாகும். இப்போதைக்கு இருவரும் ஒரே மாதிரி வேலை செய்கிறவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

எடுபிடிப் பையன் பிஎச்பி. வேர்ட்பிரஸ் எழுதப்பட்டிருக்கும் கணினிமொழி அது. மாஸ்டர் நேராக உக்கிராணத்துக்குப் போகமாட்டார். கேள்வியைக் கொண்டுபோவதும் சாமானைக் கொண்டுவருவதும் இந்தப் பையன்தான்.

பிறகு ஒரு துண்டுச்சீட்டு. பையன் மறந்துவிடக் கூடாது என்று மாஸ்டர் சட்டைப்பையில் வைத்திருப்பது. வேர்ட்பிரஸில் அதற்கு டபிள்யூபி-கான்ஃபிக் என்று பெயர். அதில் நமக்கு வேண்டியது நான்கு வரிகள்: டேட்டாபேஸ் பெயர், யூசர் பெயர், பாஸ்வேர்டு, ஹோஸ்ட். கல்யாணப் பேச்சில் சொன்னால், எந்த வீட்டார் சாமான், யார் கேட்கிறார், குறிச்சொல் என்ன, எந்த வாசல். நிறுவும்போது திரையில் கேட்கும் படிவம் இந்தச் சீட்டை எழுதுவதற்காகத்தான்.

ஆட்கள் தெரிந்தாயிற்று. இனி பையன் பின்னாலேயே போவோம்.

முதலில் பையன் உக்கிராண அறை வாசலுக்குப் போகிறான். அங்கே ஆள் இருக்க வேண்டும். மைஎஸ்கியூஎல் ஓடவே இல்லை என்றால் குறிச்சொல்லைக் கேட்க யாரும் கிடையாது. அப்போது வரும் பிழை எண் 2002 அல்லது 2003. இந்த எண்களைப் பார்த்தால் பாஸ்வேர்டைத் தொடவே வேண்டாம், அந்தக் கட்டத்துக்கே நாம் போகவில்லை. சொந்தக் கணினியில் எக்ஸ்ஏஎம்பிபி என்ற மென்பொருள் தொகுப்பைப் போட்டுப் பழகுகிறவர்கள் மைஎஸ்கியூஎல் எதிரே இருக்கும் 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தாமல் விட்டிருப்பார்கள். வாடகை சர்வர் என்றால் நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

வாசலைப் பற்றி இன்னொன்று. மண்டபத்துக்குக் கொல்லை வாசலும் உண்டு, தெரு வாசலும் உண்டு. சீட்டில் ஹோஸ்ட் என்ற இடத்தில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்று எழுதியிருந்தால், லினக்ஸ் சர்வர்களில் பையன் கொல்லை வழியாக, கட்டடத்தை விட்டு வெளியே வராமல் போகிறான். அந்த வழிக்குச் சாக்கெட் என்று பெயர். '127.0.0.1' என்று எழுதினால் அதே கட்டடம்தான், ஆனால் தெருவுக்கு வந்து முன்வாசல் வழியாக, 3306 என்ற எண்ணுள்ள கதவைத் தட்டுகிறான். கொல்லைக் கதவு நாம் நினைக்கும் இடத்தில் இல்லாமல் போனால் 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று பதில் வரும். அப்போது ஹோஸ்டை 127.0.0.1 என்று மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனை. சில நிறுவனங்கள் உக்கிராணத்தையே வேறு கட்டடத்தில் வைத்திருக்கும். அங்கே லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி எத்தனை முறை அழுத்தினாலும் பயனில்லை. அவர்கள் அனுப்பிய வரவேற்பு மின்னஞ்சலில் ஹோஸ்ட் பெயர் தனியாக இருக்கும், அதை எடுத்து எழுத வேண்டும்.

சரி, ஆள் இருக்கிறார். பிறகு அவர் கேட்கும் கேள்வி: "யாருப்பா நீ?" இங்கேதான் மைஎஸ்கியூஎல்லின் விசித்திரமான பழக்கம் ஒன்று இருக்கிறது. அவர் நோட்டில் பெயரை மட்டும் எழுதுவதில்லை. பெயரோடு வாசலையும் சேர்த்தே எழுதுகிறார். 'கொல்லை வாசல் குமார்' ஒரு ஆள். 'தெரு வாசல் குமார்' வேறு ஆள். இரண்டு பேருக்கும் தனித்தனிக் குறிச்சொல் இருக்கலாம், ஒருவர் நோட்டிலேயே இல்லாமலும் போகலாம். நேற்றுவரை ஒரே சர்வரில் ஓடிய தளத்தை, டேட்டாபேஸ் தனியாக இருக்கும் இடத்துக்கு மாற்றியதும் அதே பெயரும் அதே பாஸ்வேர்டும் செல்லாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். பெயர் அதே, வாசல் மாறிவிட்டது. இதைத் தெரியாமல் பாஸ்வேர்டோடு மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும்.

பெயரில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிபேனல் என்ற நிர்வாகப் பலகை உள்ள வாடகை சர்வர்களில் ஒரே உக்கிராணத்தைப் பல வீட்டார் பகிர்ந்துகொள்கிறார்கள். அதனால் சாமான் மாறிவிடாமல் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வீட்டுப்பெயர் ஒட்டப்படும். உங்கள் கணக்கின் பெயர் 'தணிகை' என்றால், நீங்கள் 'தளம்' என்று உருவாக்கிய டேட்டாபேஸின் முழுப்பெயர் 'தணிகை_தளம்'. யூசர் பெயருக்கும் அப்படியே. (உண்மையில் இவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.) படிவத்தில் முழுப்பெயரையும் அடிக்கோட்டோடு எழுத வேண்டும். 'தளம்' என்று மட்டும் எழுதினால் அப்படி ஒரு பெயரே நோட்டில் இல்லை.

பெயரும் வாசலும் பொருந்திவிட்டால், அடுத்தது குறிச்சொல்.

உக்கிராணக்காரர் நம் பாஸ்வேர்டை எழுத்து எழுத்தாக நோட்டில் வைத்திருப்பதில்லை. அதை அரைத்து மாவாக்கி வைத்திருக்கிறார். பையன் கொண்டுவரும் சொல்லையும் அதே கல்லில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்க்கிறார். அரைத்த மாவிலிருந்து அரிசியையும் உளுந்தையும் திரும்ப எடுக்க முடியாது அல்லவா? அதனால்தான் பாஸ்வேர்டு மறந்துபோனால் எந்தச் சர்வர்காரராலும் பழையதைச் சொல்ல முடியாது, புதிதாக ஒன்று வைத்துத்தான் தர முடியும். ஆனால் மாஸ்டர் பையில் இருக்கும் துண்டுச்சீட்டு அரைத்ததல்ல, முழு அரிசி. முன்பு ஓடிய தளம் என்றால், டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பைத் திறந்தால் பாஸ்வேர்டு பச்சையாக அங்கே இருக்கும். தேடி அலைகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது.

சீட்டும் நோட்டும் இரண்டு வெவ்வேறு இடங்கள் என்பதால் இன்னொன்றும் நடக்கும். பாதுகாப்புக்காக என்று யாரோ சிபேனலில் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். நோட்டு மாறிவிடும், சீட்டு மாறாது. அடுத்த நிமிடம் தளம் விழும். மாற்றினால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

குறிச்சொல் பொருந்தாவிட்டால் வருவது 1045. 'ஆக்சஸ் டினைட் ஃபார் யூசர்' என்று தொடங்கி, பெயரும் வாசலும் சொல்லி, கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'யூசிங் பாஸ்வேர்டு: எஸ்' அல்லது 'நோ' என்று முடியும். பலர் கண்ணில் படாத அந்தக் கடைசிச் சொல் மிகப் பயனுள்ளது. 'நோ' என்றால் பையன் எந்தக் குறிச்சொல்லையும் சொல்லவே இல்லை, சீட்டில் அந்த வரி காலி. 'எஸ்' என்றால் ஏதோ சொன்னான், அது பொருந்தவில்லை. அல்லது அந்தப் பெயரும் வாசலும் நோட்டில் இல்லை. இந்த இரண்டில் எது என்று உக்கிராணக்காரர் சொல்லமாட்டார். வேண்டுமென்றேதான், சொன்னால் திருட வருகிறவனுக்கும் அது துப்பாகிவிடும். ஆனால் வாசல் பெயர் பிழையிலேயே அச்சாகியிருக்கும். நோட்டில் இருக்கும் வாசலும் இதுவும் ஒன்றா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொருந்தாத பாஸ்வேர்டு எப்படி உருவாகிறது? நான் பார்த்தவரை மறதியால் அல்ல, கைமாறும்போதுதான் அதிகம் கெடுகிறது. போனில் தட்டினால் முதல் எழுத்தைத் தானே பெரிய எழுத்தாக்கிவிடும். காப்பி எடுத்தால் கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொண்டு வரும். பாஸ்வேர்டில் இரண்டு நட்சத்திரக் குறி இருந்து அதை வாட்சப்பில் அனுப்பினால், குறிகள் மறைந்து நடுவில் உள்ளது தடித்த எழுத்தாகத் தெரியலாம். பார்த்துத் தட்டச்சு செய்கிறவருக்கு நட்சத்திரம் இருந்ததே தெரியாது. நமக்கென்றே ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. தமிழ் விசைப்பலகையை அணைக்க மறந்து, புள்ளிகளாக மறையும் பெட்டியில் தட்டினால் உள்ளே என்ன போனது என்று தெரியாது. அதனால் முதலில் நோட்பேடில் தட்டிக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு அதை எடுத்து ஒட்டுவது நல்லது.

சீட்டைக் கையாலேயே திருத்துகிறவர்களுக்கு இன்னும் ஓர் எச்சரிக்கை. டபிள்யூபி-கான்ஃபிக்கில் பாஸ்வேர்டு ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் இருக்கும். பாஸ்வேர்டிலேயே ஓர் ஒற்றை மேற்கோள் இருந்தால், பையன் அங்கேயே சொல் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுவான். அழகுக்காக இரட்டை மேற்கோளுக்கு மாற்றினால், உள்ளே இருக்கும் டாலர் குறியை பிஎச்பி வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் சேர்த்து விழுங்கிவிடும். வேர்டு மென்பொருளில் திறந்து சேமித்தால் நேர் மேற்கோள்கள் வளைந்த மேற்கோள்களாகிக் கோப்பே கெடும். எழுத்தும் எண்ணும் மட்டும் கலந்து இருபது எழுத்துக்கு மேல் நீளமாக ஒரு பாஸ்வேர்டு வைத்துக்கொள்வது, குறிகளை வாரி இறைத்த எட்டெழுத்துப் பாஸ்வேர்டைவிட நிம்மதி, வலுவும் குறையாது.

மண்டப முதலாளி பெயரைச் சொல்லி உள்ளே போகப் பார்ப்பவர்களும் உண்டு. மைஎஸ்கியூஎல்லில் முதலாளிக்கு 'ரூட்' என்று பெயர். உபுண்டு சர்வர்களில் அந்த முதலாளிக்குப் பெரும்பாலும் குறிச்சொல்லே கிடையாது. உக்கிராணக்காரர் முகம் பார்த்து விடுவார். கணினியில் நிர்வாகியாக நுழைந்தவர் கேட்டால் கதவு திறக்கும். பையன் வந்து "நான்தான் முதலாளி" என்று எந்தச் சொல்லைச் சொன்னாலும் திறக்காது. அப்போது வரும் எண் 1698. இதற்காக ரூட்டின் பழக்கத்தை மாற்றச் சொல்லும் குறிப்புகள் நிறைய உலவுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கல்யாணத்துச் சாமானுக்காக மொத்த மண்டபத்தின் உரிமையையும் பையன் கையில் ஏன் கொடுக்க வேண்டும்? வேர்ட்பிரஸுக்கென்று தனி யூசர் ஒன்று உருவாக்கினால் முடிந்தது. எக்ஸ்ஏஎம்பிபியில் மட்டும் கதை வேறு: அங்கே ரூட்டுக்குப் பாஸ்வேர்டு காலியாகவே வரும். பழகும் கணினி என்பதால் அப்படி. படிவத்தில் அந்தப் பெட்டியைக் காலியாக விட வேண்டும்.

இனி மொழிச் சிக்கல். திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்றும் கடைத்தெருவில் கேள்வி தெலுங்கில் வரும், பதில் தமிழில் போகும், வியாபாரம் நடந்துவிடும். ஆனால் தெற்கேயிருந்து புதிதாக வந்த பையனிடம் உக்கிராணக்காரர் தெலுங்கில் குறிச்சொல் கேட்டால்? சொல் சரியாகவே தெரிந்திருந்தாலும் கேள்வி புரியாமல் விழிப்பான். 2018இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.0 அப்படித்தான் குறிச்சொல் கேட்கும் முறையையே மாற்றியது. பழைய பிஎச்பிக்கு அது புரியவில்லை. 'ஆத்தன்டிகேஷன் மெதட் அன்னோன் டு தி கிளையன்ட்' என்ற பிழை இதுதான். உக்கிராணத்தில் மரியாடிபி இருந்தால் பொதுவாக இந்தச் சிக்கல் வராது, அவர் பழைய முறையிலேயே கேட்கிறவர். 8.0 வந்த புதிதில் பலரும் சொன்ன வழி, அந்த ஒரு யூசருக்கு மட்டும் பழைய முறைக்குத் திரும்புவது. இன்று அது வழியல்ல: 2024இல் வந்த மைஎஸ்கியூஎல் 8.4 பழைய முறையை அணைத்துத்தான் வருகிறது, அதே ஆண்டின் 9.0 அதை எடுத்தே விட்டது. பையனுக்குத் தெலுங்கு கற்றுக்கொடுப்பதுதான் சரி. பிஎச்பி 7.4 முதல் புதிய முறை தெரியும். சிபேனலில் பிஎச்பி பதிப்பை மாற்றச் சில சொடுக்குகள் போதும்.

குறிச்சொல்லும் பொருந்திவிட்டது. உள்ளே விட்டாயிற்று. இன்னும் ஒரு கதவு இருக்கிறது: எந்த வீட்டார் சாமான்? அந்த அலமாரியைத் தொட இவருக்கு உரிமை உண்டா? அலமாரியே இல்லை என்றால் 1049, உரிமை இல்லை என்றால் 1044. நிறுவும் கட்டத்தில் வேர்ட்பிரஸ் இந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மனம்விட்டுப் பேசும். சர்வரோடு இணைய முடிந்தது, டேட்டாபேஸைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று தனி வரி காட்டும். இதைப் பார்த்துப் பாஸ்வேர்டை மாற்றுவது வீண்வேலை. உங்கள் பெயரும் பாஸ்வேர்டும் சரி என்று அந்த வரியே சொல்லிவிட்டது.

காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். சிபேனலில் வேலை மூன்று: டேட்டாபேஸை உருவாக்க வேண்டும், யூசரை உருவாக்க வேண்டும், பிறகு அந்த யூசரை அந்த டேட்டாபேஸில் சேர்க்க வேண்டும். மூன்றாவது, அதே பக்கத்தில் கீழே 'ஆட் யூசர் டு டேட்டாபேஸ்' என்று ஒதுங்கி இருக்கும். அலமாரி செய்தாயிற்று, ஆளும் வந்தாயிற்று, சாவியை மட்டும் கொடுக்கவில்லை. அங்கே போய் 'ஆல் பிரிவிலேஜஸ்' என்பதைத் தேர்ந்து சேமித்தால் அந்த நொடியே செல்லும்; எதையும் மறுதொடக்கம் செய்யத் தேவையில்லை.

இந்த எண்களையெல்லாம் எங்கே பார்ப்பது? மாஸ்டர்தான் மறைக்கிறாரே. சர்வரில் கட்டளைத் திரை கிடைத்தால், அதே யூசர் பெயரோடு மைஎஸ்கியூஎல்லை நேராக அழைத்துப் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள். கிடைக்காவிட்டால் நான்கைந்து வரியில் ஒரு சிறு பிஎச்பி கோப்பு: சீட்டில் உள்ள அதே நான்கு விவரங்களோடு இணைந்து பார்த்து, வந்த பிழையை அப்படியே அச்சிட வேண்டும். வேலை முடிந்ததும் அந்தக் கோப்பை அழித்துவிட வேண்டும், அதிலும் பாஸ்வேர்டு பச்சையாக இருக்கிறது. டேட்டாபேஸைப் பார்க்கச் சிபேனலில் இருந்து திறக்கும் பிஎச்பிமைஅட்மின் இந்தச் சோதனைக்கு ஆகாது. சிபேனலில் ஏற்கெனவே நுழைந்திருப்பதால் அது பாஸ்வேர்டு கேட்காமலே திறந்துவிடும். அது திறந்ததைப் பார்த்து "எல்லாம் சரியாகத்தானே இருக்கு" என்று ஏமாறுகிறவர்கள் அதிகம்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த தளத்தில், தொடக்கத்தில் பார்த்த அதே பிழை வரி திடீரென்று வந்தால் முதலில் நாளைப் பாருங்கள். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டம் ஊரை நிறைக்கும்போது, எல்லோரும் ஒரே நேரத்தில் லாட்ஜ் அறை தேடினால், ஒவ்வொருவருக்காகவும் ஒரு பையன் உக்கிராண வாசலில் நிற்பான். மைஎஸ்கியூஎல் தானாக வரும் அமைப்பில் ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் ஏற்கும். வாடகை சர்வர்களில் ஒரு யூசருக்கு அதைவிடக் குறைவாகவே ஒதுக்கியிருப்பார்கள். அந்த 151ஐத் தாண்டி வருகிறவர்களைக் குறிச்சொல் கேட்காமலே திருப்பி அனுப்பிவிடுவார். எண் 1040, 'டூ மெனி கனெக்‌ஷன்ஸ்'. பக்கங்களை ஒருமுறை சமைத்து எடுத்துவைத்துப் பரிமாறும் கேஷ் செருகுநிரல் ஒன்றைத் திருவிழாவுக்கு முன்பே போட்டுவைத்தால் உக்கிராணத்துக்குப் போகும் நடை வெகுவாகக் குறையும்.

இணைப்பு கிடைத்ததும் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பின் அனுமதி எண்ணை 640 என்று மாற்றுங்கள், சர்வர் ஏற்றுக்கொண்டால் 600. பிறகு நிறுவல் திரை தளத்தின் பெயரைக் கேட்கும், ஒரு யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும். அது உக்கிராணத்துக்கானது அல்ல, தினமும் தளத்துக்குள் நுழைந்து எழுத உங்களுக்கானது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டையே அங்கேயும் கொடுக்காமல் வேறொன்று வையுங்கள்.